பேரேற்றக் காலத்தில் இன்டெக்ஸ் களைதல்: நோணாங்குப்பத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், டேபிளில் லட்சக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் ஏற்றுங்கால் இன்டெக்ஸை என் செய்வது என்பது நுதலிற்று. ஆய்வுக்களம் புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பம். ஆய்வாளர் வீடு அங்கே இருக்கிறது. ஆய்வு நெறியியல் அவ்வளவே.

இன்டெக்ஸை வைத்துக்கொண்டு ஏற்றினால் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு இன்டெக்ஸிலும் இடம் தேடிச் செருக வேண்டும். ஏற்றி முடித்தபின் கட்டினால், மொத்தமாக வரிசைப்படுத்தி ஒரே தடவையில் கட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பாறு போட் ஹவுஸில் இறங்குகிற ஒவ்வொருவரையும் உயர வரிசையில் செருகி நிறுத்தினால், அடுத்த படகு எப்போது கரை சேர்வது? விஷயம் இவ்வளவுதான். இதோடு நிறுத்தினால் முனைவர் பட்டம் தரமாட்டார்கள் என்பதால் வகைப்படுத்துவோம்.

பிரைமரி கீ: கை வைக்காதே, அதன் வரிசையிலேயே ஏற்று.

யூனிக் இன்டெக்ஸ்: கழற்றினால் இரட்டைப் பதிவுகள் புகுந்து, திரும்பக் கட்டும்போது எரர் அடிக்கும்.

டிஸேபிள் கீஸ்: இங்கேதான் கற்றோர் மோதுகிறார்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி ஒவ்வொரு டேபிளின் தரவுக்கு முன்னும் 'டிஸேபிள் கீஸ்', பின்னும் 'எனேபிள் கீஸ்' என்று எழுதிவைக்கும். இன்டெக்ஸை நிறுத்திவைக்கும் இக்கட்டளை மைஐஸாம் டேபிளில், அதுவும் யூனிக் அல்லாத இன்டெக்ஸுக்கு மட்டுமே பலிக்கும். 2010இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பு முதல் டீஃபால்ட்டாக இருப்பதோ இன்னோடிபி. அதன் காதில் இது ஏறவே ஏறாது. ஆயினும் ஓதாமல் ஏற்றுவது தோஷம் என்பர் அரியாங்குப்பத்துச் சாரார் (காண்க: முன்பு வேலை பார்த்தவர் விட்டுப்போன ஸ்கிரிப்ட், வரி எண் தெரியவில்லை). முன்னும் பின்னும் ஓதினால் போதாது, நடுவிலும் ஒருமுறை ஓதுக என்பர் தவளக்குப்பத்துச் சாரார் (மேற்படி ஸ்கிரிப்டின் கமெண்டுக்கு எழுந்த கமெண்ட், கரையான் தின்ற பகுதி நீங்கலாக, அதை மறுத்து டீக்கடை பெஞ்சின் அடிப்பலகையில் வரையப்பட்ட உரையையும், அவ்வுரை கடன் கணக்கே என்பாரின் மறுப்பையும் ஒப்புநோக்குக). ஒருதடவை ஓட்டிப் பார்த்து நேரம் குறித்தவர் எவரும் இச்சர்ச்சையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. சங்க நூல்களுக்குக் காலம் குறிப்பதில் நம் பேராசிரியர்கள் கைகண்ட முறை இது.

ஃபாரின் கீ: எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று. தரவை முதலில் ஏற்றிவிட்டு, கன்ஸ்ட்ரெயின்டை ஏழே முக்கால் ஆண்டு கழித்துப் பூட்டியதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மைஎஸ்கியூஎல்லில் ஒரு வில்லங்கம் உண்டு: நிறுத்திவைத்த ஃபாரின் கீ சோதனையை மறுபடி இயக்கினாலும், இடையில் புகுந்த வரிகளை அது திரும்பிப் பார்க்காது. தாய்வரி இல்லாத பிள்ளைவரிகள் உள்ளேயே குடியிருக்கும்.

ஏற்றி முடித்ததும் அனலைஸ் ஓட்டு என்கிறது போஸ்ட்கிரெஸ் கையேடு. அதற்கான இயல் இடமின்மையால் விடுபட்டது. களத்திலும் அதுதான் விடுபடும்.