சிறு ஜீப்பின் நெடும் பிரயாண இயல்

உலகில் ஆராயத்தக்க விஷயங்களையெல்லாம் ஆன்றோர் முன்னமே ஆராய்ந்து முடித்துவிட்டமையால், மிச்சம் கிடப்பனவற்றுள் ஒன்றைப் பொறுக்கியெடுத்துப் பரிசீலிப்பதே பின்வந்தோர்க்கு விதித்த கடமையாகிறது. அவ்வாறு மிஞ்சிய பொருள், மலையேறவும் சேற்றில் இறங்கவும் என்று சங்கற்பித்துச் செய்யப்பட்ட சிறு ஜீப்பை, மலையும் சேறும் மருந்துக்கும் இல்லாத நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓட்டிச் செல்லும் வழக்கமாகும்.

முதற்கண் லக்ஷணம். 'நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்வதாய், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கியதாய் உள்ளது சிறு ஜீப்பு' என்று வகுத்தால், தர்க்க நூலார் கூறும் அவ்வியாப்தி என்னும் குற்றம் உடனே வந்து நிற்கிறது. ஏனெனில், 1985-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி நிறுவனத்தார் வெளியிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் தோட்டக்காரர்க்கும் ஒருங்கே ஊழியம் செய்த ஜிப்ஸியின் நீளம் 4,010 மில்லிமீட்டர் ஆதலின், பத்தே மில்லிமீட்டரால் அது தன் குலத்தினின்றும் தள்ளப்பட்டுவிடும். 2023 ஜூனில் விற்பனைக்கு வந்த அதன் வாரிசாகிய ஜிம்னியோ, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியையும் சேர்த்து 3,985-இல் சாமர்த்தியமாக உள்ளே புகுந்துவிடுகிறது. சரி, நீளத்தை விட்டுவிட்டு, 'வழியில்லாத இடத்திலும் நான்கு சக்கர விசையால் செல்வது' என்று சொல்லலாமெனின், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புகளில் உழும் ஃபோர் வீல் டிராக்டரும் ஜீப்பாகிவிடும், அது அதிவியாப்தி. 'நெடுஞ்சாலைக்கென்றே செய்யப்பட்டது' என்பாரின் கூற்றை, அசம்பவம் என்னும் மூன்றாம் குற்றத்துக்கு உதாரணமாக மாணாக்கர்க்குக் காட்டலாம். ஆகவே, கார், ஜீப், வேன் மூன்றையும் ஒரே வரியில் எழுதி ஒரே தொகையை வசூலிக்கும் சுங்கச்சாவடிப் பலகையையே பிரமாணமாகக் கொண்டு இவ்வாதத்தை இத்துடன் நிறுத்துகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு மதுக்கரையைக் காட்டிலும் பொருத்தமான ஸ்தலம் அகப்படாது. கொச்சிக்கும் சேலத்துக்கும் இடையே செல்லும் 544-ஆம் எண் நெடுஞ்சாலை வாளையாறு தாண்டி இங்கே வந்துதான், கோவை நகரத்துக்குள் நுழைவதா, பைபாஸில் ஒதுங்கி நீலம்பூர் போய்ச் சேருவதா என்று யோசிக்கிறது. அச்சாலைக்குக் கூப்பிடு தூரத்திலேயே தருமலிங்கேசுவரர் மலையும், சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களும், கல்லும் முள்ளுமான வண்டித்தடங்களும் இருத்தலால், ஜீப்பானது தனக்கு விதிக்கப்பட்ட நிலத்தையும் விதிக்கப்படாத நிலத்தையும் ஒரே பார்வையில் காணக்கூடிய ஊர் இதுவே. பல தலைமுறையாகச் சிமெண்டு செய்து ஊர் ஊராக அனுப்பி, கரடுமுரடான பூமியைச் சிறிது சிறிதாகக் குறைத்துவரும் இவ்வூரார், ஜீப்புக்கு ஒரு வகையில் ஜன்மப் பகைவர் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆயினும் ஜீப்பு வாங்குவோரும் அவர்களுள் உண்டு.

இனிப் பூர்வபக்ஷம். இவ்வண்டி நெடுஞ்சாலைக்கு ஆகாது என்பார் சொல்லும் ஹேதுக்கள் அனைத்தும் மெய்யே. ஜிப்ஸியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2,375 மில்லிமீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 25 மீட்டர். எனவே, ஒரு பாலத்தின் இணைப்பில் முன் சக்கரம் ஏறியதற்கும் பின் சக்கரம் ஏறுவதற்கும் நடுவே பத்தில் ஒரு விநாடிகூட முழுதாக இல்லை. முதல் தூக்கலுக்கு ஏறிய பிரயாணி இறங்குமுன் இரண்டாந் தூக்கல் கீழிருந்து வந்து எதிர்கொள்ளுகிறது. ஜிப்ஸிக்கு நான்கு பக்கமும் பட்டைவில், ஜிம்னிக்குச் சுருள்வில், இதனால் பிந்தியவர் முந்தியவரைவிடச் சற்றே மெத்தென்று தூக்கியெறியப்படுகிறார். அன்றியும், காற்றின் எதிர்ப்பை வெல்ல வேண்டிய சக்தி வேகத்தின் முப்படியாக வளர்வதால், அறுபதிலிருந்து நூறுக்குப் போகிறவன் அதற்காக மட்டும் நான்கரை மடங்குக்கு மேல் சக்தி செலவிடுகிறான்; செங்குத்தான கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டு போகும் ஜீப்பு அச்செலவில் ஒரு காசும் மிச்சம் பிடிப்பதில்லை. ஐந்தாம் கியர் போட்ட பின்பும் எஞ்சின் இரைந்துகொண்டேயிருக்க, ஓட்டுபவரின் இடக்கை இல்லாத ஆறாம் கியரைத் தேடி ஒரு முறை தடவிப் பார்த்துத் திரும்புவதை யாரும் நேரில் காணலாம்.

காற்றைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் எழுதலாம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாயில், ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்று புகுந்து வருங்கால், கஞ்சிக்கோட்டிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் சுழல்வதும், வாளையாற்றருகே ஜீப்பு ஒதுங்குவதும் ஒரே காரணத்தின் இரு காரியங்களாம். லாரியைக் கடக்கும் வரை அதன் மறைவில் சாந்தமாயிருந்த வண்டி, கடந்து வெளிப்பட்ட கணத்தில் அரை முழம் நகர்ந்து கொடுக்கும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்புவது வேறு, வண்டி திரும்புவது வேறு என்று பேதம் காட்டி நடுவில் ஒரு சிறு அவகாசம் நிற்கிறது. அதனை மெக்கானிக்குகள் 'ப்ளே' என்று வழங்குவர்.

பூர்வபக்ஷத்தார் கவனியாது விட்ட ஒன்றை யாமே எடுத்துத் தருகிறோம். பழைய ஜிப்ஸியின் பின்னிருக்கைகள் பக்கவாட்டில், ஒன்றுக்கொன்று எதிரெதிராக அமைந்தவை. மதுக்கரையிலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரமும் ஒருவர் முழங்கால் மற்றவர் முழங்காலில் இடிக்க, பார்வைக்கு வேறு திக்கில்லாமல் உறவினர் நால்வர் முகத்தை முகம் பார்த்திருந்தால் நேர்வது யாது? அவிநாசி வரையில் ஊர்ப்பேச்சு. பெருந்துறையில் ஒருவர், "ஏனுங் மாமா, அந்தக் கெணத்துப் பங்கு விசயம் என்னுங்க ஆச்சு?" என்று மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார். பவானியில் வரப்பு வரும். சங்ககிரியில் 1970-களில் நடந்த ஒரு பாகப்பிரிவினை வரும். கிரயப் பத்திரத்தாலும் தீராத வழக்குகள் இவ்விருக்கையில் தீர்ந்ததும் உண்டு, புதிதாகப் பிறந்ததும் உண்டு. முன்னோக்கிய ஆசனங்களை உடைய ஜிம்னியில் இவ்வசதி அடியோடு ஒழிந்துவிட்டமை குடும்ப சாஸ்திரத்துக்கு நஷ்டமே என்பது எம் துணிபு.

சித்தாந்தம் யாதெனின், தகுதி நோக்கி யாரும் இவ்வண்டியில் ஏறுவதில்லை. பஸ் டிக்கெட்டில் எட்டணா மீதிக்கும் கணக்குக் கேட்கும் கொங்கு நாட்டார், இத்தனை குறைகளையும் அறிந்தே இதனை வாங்குவதன் மர்மம், கியர்த் தண்டின் அருகே குட்டையாக நிற்கும் மற்றொரு தண்டில் உளது. அதை இடம் மாற்றினால் நான்கு சக்கரமும் இழுக்கும். இன்னும் அழுத்தி நகர்த்தினால் வேகம் குறைந்து, பாறைமேல் ஏறும் பலம் வரும். சேலத்திலோ உளுந்தூர்ப்பேட்டையிலோ திண்டிவனத்திலோ அதைத் தொடவேண்டிய சந்தர்ப்பம் ஒருபோதும் வாராது. வாராது என்பது உடையவருக்கும் தெரியும். சீராக வந்த வெள்ளிக்குடம் பரணில் இருப்பதுபோல் அது இருக்கிறது. பக்கத்தில் வழுக்கிக்கொண்டு கடந்துபோகும் பெரிய காருக்கு வழிவிட்டபடியே, 'சாலை இவ்விடத்தில் அறுந்து போனால் நீ என்ன செய்வாய்?' என்று மனத்துக்குள் கேட்கும் உரிமை இத்தண்டு உள்ளவனுக்கே உண்டு. டீக்கடையில், "வண்டி மலைக்குப் போறதுங்களா?" என்று கேட்டவருக்கு, "இல்லீங்க, மெட்ராசுக்கு ஒரு கல்யாணத்துக்கு" என்று பதில் சொல்ல அவர் சிறிதும் கூசுவதில்லை.

பெட்ரோல் கணக்கு மட்டும் மீதமுள்ளது. ஜிப்ஸியின் டாங்கி 40 லிட்டர் கொள்ளும்; லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு என்று வைத்தால், வழியில் நிரப்பாமல் சென்னை சேர முடியாதென்பது பெருக்கல் வாய்பாட்டாலேயே விளங்கும். ஆனால் ஆடி மாதத்துப் பிரயாணத்தில், போகும்போது மேல்காற்று சேலம் வரையில் பின்னிருந்து தள்ளுகிறது. திரும்பும்போது அதே காற்று, செங்கப்பள்ளி தாண்டியதும் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கிறது. ஆதலால் ஒரே வண்டிக்கு மைலேஜ் இரண்டாகிறது. வீட்டில் சொல்லப்படுவது போகிற கணக்கு.