ஞாயிற்றுக்கிழமை நளன்

புனேயின் ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிரம்மச்சாரி நளனாக மாறுவதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று போதும். கம்பெனி இலவசமாகச் செய்துவைக்கும் உடல் பரிசோதனையில் டிரைகிளிசரைடு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு மேல்நோக்கி நிற்கும். அல்லது, கடனுக்காக ஆறு மாத வங்கிக் கணக்கை அச்செடுக்கும்போது ஒரே சாப்பாட்டுச் செயலியின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் சகஸ்ரநாமம் மாதிரி ஓடும். அன்று இரவே மனிதர் முடிவெடுத்துவிடுகிறார்: ஞாயிறு ஒரு நாள் சமையல், வெள்ளி வரை சாப்பாடு.

முடிவெடுத்த கையோடு அவர் காய்கறி வாங்குவதில்லை, டப்பா வாங்குகிறார். கண்ணாடி டப்பா, நாலு பக்கமும் கிளிப் வைத்த மூடி, உள்ளே தடுப்பு, மொத்தம் பதினைந்து. ஃபிளாட்டில் மூன்று பேர், வாரத்துக்கு ஐந்து மதியம், ஆகப் பதினைந்து. சேமிப்புத் திட்டத்தின் முதல் வேலையே ஒரு மாத மெஸ் பணத்துக்கு மேல் செலவழிப்பதுதான். ஆனால் எக்செல்லில் அதை 'மூலதனம்' என்று தனி ஷீட்டில் தள்ளிவிடுவதால், 'ஒரு வேளைச் செலவு' என்ற கட்டத்தில் அது எட்டிப் பார்க்காது. படித்த பிள்ளை.

எக்செல்லின் மற்ற கட்டங்களுக்கு ஆதாரம், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2024 மே மாதம் அது வெளியிட்ட உணவு வழிகாட்டியை நளன் பதிவிறக்கி, மஞ்சள் கோடு போட்டுப் படித்திருக்கிறார். ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி சாப்பிடுகிறவருக்குக் காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100, தானியம் 250, பருப்போ முட்டையோ இறைச்சியோ 85, பாலோ தயிரோ 300 மில்லி. மூன்று பேருக்கு ஐந்து நாளைக்குப் பெருக்கினால் காய்கறி மட்டும் 6 கிலோ. ஃபிரிட்ஜோ வீட்டுக்காரருடையது, ஒற்றைக் கதவு, ஃப்ரீசரில் முந்தைய குடித்தனக்காரர் காலத்துப் பனிக்கட்டி. ஆறு கிலோ காயும் பதினைந்து டப்பாவும் அதற்குள் எப்படிப் போகும் என்ற கேள்விக்கு மட்டும் எக்செல்லில் கட்டம் இல்லை.

அவர் இருக்கும் வாகடில் வாசலுக்கே காய்வண்டி வரும். நளன் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சமாகும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால் சுக்ரவார் பேட்டையில் இருக்கும் மகாத்மா புலே மண்டயிக்குப் போகிறார். எண்கோணக் கோபுரத்தோடு பார்க்க அழகான பழைய சந்தை. 1880-களில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியபோது பம்பாய் கவர்னர் பெயரில் ரே மார்க்கெட் என்று இருந்தது. ஜோதிராவ் புலே நகராட்சி உறுப்பினராக இருந்தபோது, சந்தைக் கட்டடத்தில் இவ்வளவு பணத்தைக் கொட்டுவதற்குப் பதில் கல்விக்குச் செலவழிக்கலாமே என்று எதிர்த்தவர். பின்னாளில் அந்தக் கட்டடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். வீண் செலவு வேண்டாம் என்றவரின் பெயர் தாங்கிய சந்தைக்கு, பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க, நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு நளன் வந்து இறங்குகிறார்.

அவருக்குத் தெரிந்த மராட்டி மூன்று சொல்: 'கிதி', 'கமி கரா', 'பாவ் கிலோ'. விலை கேட்க, குறைக்கச் சொல்ல, கால் கிலோ என்று கடைசியில் சரணடைய. காய்க்கார மாவ்ஷி பதிலை இந்தியில் சொல்லிவிடுவார். முதல் முறை போகிற நளன் தவறாமல் ஒரு கட்டு சேப்பு வாங்கி வருகிறார். இறகு மாதிரி மெல்லிசாக, பச்சைப் பசேலென்று, மலிவாக இருக்கும் கீரை; நம் சதகுப்பைதான் அது. பாசிப்பருப்பும் பூண்டும் போட்டு மராட்டிக்காரர்கள் வதக்கினால் அருமையாக இருக்கும். நளன் அதைக் கூட்டில் போடுகிறார். வெள்ளிக்கிழமை வரை ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர்கூட ஓமத்திரவம் போல மணக்கிறது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் குக்கர் ஏறும். இரண்டு அடுப்பு. ஒன்றில் பருப்பு, ஒன்றில் சாதம், மேடை முழுக்க நறுக்கிய கேரட். செல்போனை மிக்ஸியில் சாய்த்து வைத்தால் திரையில் அம்மா.

"என்னடா இது, அண்டா நிறையச் சாம்பாரு? யாருக்குக் கல்யாணம்?"

"மீல் பிரெப்மா. அஞ்சு நாளைக்கும் இன்னைக்கே பண்ணி வெச்சிடறது."

"பழசா?"

"பழசு இல்லம்மா, பிளான் பண்ணிச் சாப்பிடறது."

"சரி. பழசைச் சாப்பிடறதுக்குப் பிளான் வேறயா?"

வைஃபை சரியில்லை என்று சொல்லி நளன் இணைப்பைத் துண்டிக்கிறார். மாலை ஐந்து மணிக்குப் பதினைந்து டப்பாவும் மேடையில் அணிவகுத்து நிற்கும். மூடியில் மார்க்கர் பேனாவால் 'செவ்வாய் மதியம்', 'புதன் மதியம்' என்று பெயர் சூட்டப்பட்டிருக்கும். வாட்ஸப் ஸ்டேட்டஸில் படம் ஏறும். ஞாயிறு மாலை ஸ்டேட்டஸ் போடுகிற நளன்கள் எத்தனையோ பேர் உண்டு. வியாழன் மதியம் போட்டவர் எவரும் இல்லை. (நளிகளும் உண்டு. அவர்கள் இதே வேலையைச் செய்துவிட்டு ஸ்டேட்டஸ் போடாமல் தூங்கப் போய்விடுகிறார்கள்.)

வாரக் கணக்கில் சாப்பாட்டை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. படிக்க வந்த ஏழை மாணவன், திங்கள் ஒரு வீடு, செவ்வாய் இன்னொரு வீடு என்று ஏழு வீட்டைப் பிடித்துக்கொள்வது பழைய புனேயில் சகஜம்; 'வார் லாவுன்' சாப்பிடுவது என்பார்கள். கும்பகோணம் பக்கத்தில் வாரச் சாப்பாடு என்று நம் தாத்தாக்கள் சொன்னதும் இதைத்தான். அந்தப் பையனுக்குச் செலவு கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது, ஏழு நாளும் ஏழு கைமணம். நளனுக்கு ஐந்து நாளும் ஒரே கைமணம், அதுவும் தன்னுடையது. யாரைக் குறை சொல்வது என்றே தெரியாத சாப்பாடு.

திங்கள்கிழமை ஆபீஸ் மைக்ரோவேவ் வரிசையில் நிற்கும் நளனைப் பார்க்க வேண்டும். பின்னால் நிற்பவர் கேட்காமலேயே டப்பாவைத் திறந்து காட்டி, இதில் இத்தனை கிராம் புரதம் என்கிறார். சோயா உருண்டையில் பாதிக்குப் பாதி புரதம், தெரியுமா? நூறு கிராமில் ஐம்பது கிராமுக்கு மேல். தெரிந்து என்ன ஆகப்போகிறது, அவருக்கு முன்னால் நிற்பவர் வஞ்சிர மீன் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறார். செவ்வாய் ஒரு மாதிரி கழிகிறது. 'புதன் மதியம்' டப்பாவை ரூம்மேட் செவ்வாய் நடுராத்திரியே காலி செய்துவிட்டு, "எல்லாம் ஒரே சாம்பார்தானே மச்சி, எதுல என்ன?" என்கிறான். பதில் சொல்ல முடியாத கேள்வி.

பிறகு வியாழன். பராமரிப்புக்காக மின்சாரத்தையோ குடிநீரையோ நிறுத்துவதென்றால் புனேயில் அது பெரும்பாலும் வியாழக்கிழமைதான். வாகட் இருக்கும் பிம்ப்ரி சிஞ்ச்வடிலோ 2019 நவம்பர் முதல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய்த் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கோடு டப்பாக்கள் சிங்கில் குவிந்திருக்க, குழாயில் காற்று வருகிறது. ஃபிரிட்ஜ் காலை பத்து மணிக்கு மூச்சை நிறுத்தி மாலைதான் முனகுகிறது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே, 5 டிகிரிக்குக் கீழே குளிரவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதத்தில் ஒரு கூடுதல் வம்பு உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் குக்கர் சூட்டுக்கும் தப்பி உட்கார்ந்திருந்து, சாதம் மெதுவாக ஆறும் நேரத்தில் பெருகும். அது கக்கும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. ஞாயிறு மதியம் வடித்த சாதத்தை அண்டாவோடு மாலை வரை மேடையில் விட்டுப் படம் எடுத்த நளனுக்கு இதெல்லாம் வெள்ளிக்கிழமை மருத்துவர் வாயிலாகத்தான் தெரியவருகிறது. வயிறு தப்பித்த வாரங்களில் வெள்ளி இரவு பிரியாணி வருகிறது, அதே செயலியில், மூன்று பேருக்கு.

'ஒரு வேளைச் செலவு 31 ரூபாய்' என்று எக்செல் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும். பிரியாணி, பெட்ரோல், மருத்துவர், கைதவறி உடைந்த இரண்டு கண்ணாடி டப்பா எல்லாம் வேறு வேறு ஷீட்டில் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 1995-ல் ஆட்சிக்கு வந்த சிவசேனா–பாஜக அரசு ஒரு ரூபாய்க்கு ஜுன்கா பாக்ரி, அதாவது கடலைமாவுக் கறியும் ரொட்டியும், போட்டது. 2013-ல் சென்னை அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. இரண்டு அரசும் மானியம் என்ற ஷீட்டைத் திறந்து காட்டின. நளன் காட்டுவதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது மட்டும் எக்செல் தானாகவே சிவந்தது. அதே புனே மாவட்டத்து நாராயண்காவ் சந்தையில் தக்காளி விற்ற விவசாயிகள் சிலர் கோடி பார்த்த மாதம் அது. நளன் புளிக்கு மாறினார்.

அந்தப் புளிதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். முதல் ஆண்டு நளன் தோற்றது சோம்பலால் இல்லை. அவித்த கோழியும் பிராக்கலியும் தின்கிறவர்களுக்கு ஏற்ற ஐந்து நாள் டப்பா முறையைச் சாம்பார் சாதத்தின் தலையில் கட்டியதுதான் வினை. நம் சாப்பாட்டுக்கு உயிர் கடைசி ஐந்து நிமிடத்தில் இருக்கிறது: சூடான சாதம், அப்போது விழுந்த தாளிப்பு. அதை ஞாயிற்றுக்கிழமையே செய்து முடித்துவிட்டால் மிஞ்சுவது டப்பா மட்டும்தான்.

இரண்டாம் ஆண்டு நளன் இதைச் சொல்லித் தரமாட்டார். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே சாப்பாடே இருக்காது. ஒரு பாட்டிலில் புளிக்காய்ச்சல், ஒரு பாட்டிலில் பருப்புப்பொடி. ஆய்ந்து, ஈரம் போகத் துணியில் சுற்றிய வெந்தயக்கீரை. இரண்டு நாளைக்கு மட்டும் வேகவைத்த துவரம்பருப்பு. ஈரத்துணியில் முளைவிட்ட மட்கி, அதாவது நரிப்பயறு. மிசலுக்குப் போடுகிறார்களே, அதே பயறு. காலையில் வெங்காயத்தோடு வதக்கினால் பத்து நிமிடத்தில் உசல், முட்டைக்குத் தோழன். சாதம் அன்றன்றைக்கு ஒரு டம்ளர் அரிசி. பக்கத்து மாவல் வட்டாரத்திலிருந்து வரும் இந்திராயணி அரிசி கொஞ்சம் குழையும், தயிர் சாதத்துக்கு அதுதான் வேண்டும். சப்பாத்தியை அவர் உருட்டுவதே இல்லை. தெருமுனை போளி-பாஜி கேந்திரத்தில் எண்ணி வாங்கிக்கொள்கிறார். அங்கே போளி என்றால் சப்பாத்தி. வெல்லம் தேடி ஏமாந்த கதையை அவர் வெளியில் சொல்வதில்லை.

மாவு ஒன்றுதான் இன்னமும் அடங்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் புனேயின் இரவு பத்து டிகிரிக்கும் கீழே போகும். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் அப்படியே, போட்ட கோட்டைத் தாண்டாமல் நிற்கும். அம்மா போனில் வைத்தியம் சொல்கிறார்: "வெந்தயம் கூடப் போடு. பாத்திரத்தைப் போர்வைல சுத்தி வை." ஃபிளாட்டில் இருப்பது மூன்று போர்வை. தை மாதம் வரை ஒருவர் ஸ்வெட்டரோடுதான் தூங்குகிறார்.

இந்த நிலைக்கு வந்த நளனுக்கு ஓர் ஆபத்து காத்திருக்கிறது. அவர் புளிக்காய்ச்சலை எதிர் ஃபிளாட் நெல்லைக்காரர் ருசித்துவிடுகிறார். "அண்ணே, எங்களுக்கும் சேத்துப் போட்டுருங்க, மாசம் இவ்வளவுன்னு கொடுத்துர்றோம்." மூன்று பேருக்கு அரைப்பதும் ஏழு பேருக்கு அரைப்பதும் கிரைண்டருக்கு ஒன்றுதான், எக்செல்லும் அதையே சொல்கிறது. மூன்றாம் மாடி சேர்கிறது, பிறகு பி பிளாக். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் ஆண்டுக்கு நூறு ரூபாய் கட்டி அடிப்படைப் பதிவு வாங்கினால் வீட்டிலிருந்தே சாப்பாடு போடலாம் என்று யாரோ சொல்ல, நளன் படிவத்தையும் பதிவிறக்கி மஞ்சள் கோடு போடுகிறார். 'டப்பா குரூப்' என்று வாட்ஸப் குழு தொடங்கிய முதல் வாரமே, வியாழக்கிழமை மதியம் பி பிளாக்கிலிருந்து செய்தி வந்து விழுகிறது: "அண்ணா, சாம்பார்ல உப்புக் கம்மி. மெனு மாத்த மாட்டீங்களா?" ஹிஞ்சவடி கேன்டீனில் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நளன் பதில் தட்டுகிறார்: "அடுத்த வாரம் பாக்கலாம் தம்பி. போன மாசப் பாக்கி இருக்கு."