என்டர் விழாமல் ஃபைல் நகராது

கேள்வி: விண்டோஸில் 'கெட்ச்' போட்டால் ஒரு விசையைத் தட்டியதுமே புரோகிராம் நகர்கிறது. லினக்ஸில் அதே புரோகிராம் கம்பைல்கூட ஆகவில்லையே?

பதில்: எப்படி ஆகும்? 'கெட்ச்' சி மொழியின் பொதுச் சொத்து அல்ல. டாஸ் காலத்து கோனியோ ஹெடரோடு வந்தது. டர்போ சி-யில் படித்த நம் பிள்ளைகளிடம் இதை யாரும் சொல்லவில்லை, பாவம். லினக்ஸிலும் மேக்கிலும் நடுவில் டெர்மினல் டிரைவர், தாலுகா ஆபீஸ் எழுத்தர் மாதிரி உட்கார்ந்திருப்பார். என்டர் விழும்வரை எதையும் மேலே அனுப்பமாட்டார். (பேக்ஸ்பேஸ் திருத்தமெல்லாம் அவரே செய்துவிடுவார், அதையும் சொல்ல வேண்டும்.) டெர்மியோஸ் வழியாக ஐகானன், எக்கோ இரண்டையும் அணையுங்கள், ஒவ்வொரு எழுத்தும் உடனே கைக்கு வரும். முடிந்ததும் பழையபடி வைக்க மறந்தீர்களோ, பாஷ் ஷெல்லில் தட்டுவது எதுவும் கண்ணில் படாது. குருட்டாம்போக்கில் 'ஸ்டிடிஒய் சேன்' என்று அடித்து மீளலாம்.

அம்புக்குறிகள் தனி ரகளை. மேல் அம்பு லினக்ஸில் பொதுவாக 27, 91, 65 என மூன்று பைட். விண்டோஸில் 224, 72. எஸ்கேப் விசையும் அதே 27தான்! வந்தது எஸ்கேப்பா, அம்பின் தலையா என்று தெரிய என்கர்சஸ் லைப்ரரி வழக்கமாக 1000 மில்லிசெகண்ட் காத்திருக்கும். தப்பிக்க நினைத்து எஸ்கேப்பைத் தட்டியவர், அந்த ஒரு நொடியில் இன்னும் நாலு முறை தட்டியிருப்பார்.