சுத்துத வட்டமும் செவ்வெளநிக் குலையும்

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. வீட்டுக்குக் காமிரா வாங்கப் போறியாமே? எட்டு மெகாபிக்சலாம், ராத்திரியிலும் கலர்ல தெரியுமாம், ஆந்தை கணக்கா தலையச் சுத்திச் சுத்திப் பாக்குமாம். நல்லதுதான். அது பாத்தத எந்த வழியா ஒங்கிட்ட கொண்டாந்து காட்டும்னு கேட்டியா? கேக்கலையா? மாப்பிள்ள பாக்கப் போனவன் மீசைய மட்டும் பாத்துட்டு வந்த கதையால்லா இருக்கு!

என் மருமவன் ஒருத்தன் சார்ஜாவுல இருக்கான். சித்திரைக்கு லீவுல வந்தவன் நாலு வைஃபை காமிரா வாங்கியாந்து மாட்டுனான். "ஒயரே வேண்டாம் மாமா, எல்லாம் காத்துலயே போயிரும்"ன்னான். ரவுட்டரு முன்கட்டுல, இரும்பு பீரோ மேல. காமிரா பின்னால மாட்டுத்தொழுவுல. நடுவுல ஒன்றரை அடிச் செவரு ரெண்டு, ஆயிரம் லிட்டர் தண்ணித் தொட்டி ஒண்ணு. தண்ணி வைஃபையக் குடிச்சிரும்லே, நம்ம செவலப் பசு கழனி குடிக்காப்புல.

ஒரு நா ராத்திரி செவ்வெளநி மரத்துல எவனோ கை வச்சுட்டான். காலையில செல்லுல போட்டுப் பாத்தோம். மணி 2.10. ஒருத்தன் மதில் மேல ஒத்தக் காலத் தூக்கிப் போடுதான். மூஞ்சி இந்தப் பக்கம் திரும்பப் போவுது... வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே கெடக்கு. தெளிஞ்சா மணி 2.31. மரம் நிக்கு, குலையக் காணும். "படம் எம்புட்டுத் தெளிவா இருக்கு பாத்தீரா மாமா?"ங்கான் மருமவன். ஆமா, ஓலைய ஒண்ணொண்ணா எண்ணலாம். யாரு இல்லைன்னா?

நீ ஒடனே 300 எம்பி பிளானப் போடுன்னு ஓடாத. சினிமா பாக்கது எறங்குத வேகம். காமிராவுக்கு வேண்டியது ஏறுத வேகம். நெட்டு விக்க வாரவன் வாய்க்கா அகலத்தத்தான் பெருமையாச் சொல்லுவான். வடிகால் எம்புட்டுன்னு கேளு, தலையச் சொறிவான். 1080 படத்துக்கு ஒரு காமிராவுக்கு நொடிக்கு 2லேருந்து 4 மெகாபிட் ஏறணும். நாலு காமிராவுக்குப் பெருக்கிப் பாத்துக்க. வேகத்தக் காலம்பற அளந்துட்டுக் குதிக்காத. ராத்திரி எட்டரைக்கு, தெருவே சீரியல் பாக்கையில அளந்து பாரு. அப்பத்தான் சாயம் வெளுக்கும்.

தோட்டத்து மோட்டார் செட்டுக்குச் சிம் போட்ட காமிரா போதும்ங்கியா? போதும்தான், ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் பதியும்படி வச்சா. எந்நேரமும் ஓட விட்டியோ, அதே 2 மெகாபிட் கணக்குல ஒரு நாளைக்குக் குடுக்க 1.5 ஜிபி 100 நிமிசத்துல தீந்துரும். மிச்ச 22 மணி 20 நிமிசமும் அது காமிரா இல்லலே, திருஷ்டிப் பூசணிக்கா.

நான் ஒயருக் கட்சி. கேட்-6னு ஒரு ஒயரு இருக்கு. கரண்டும் படமும் அது ஒண்ணுலயே போவும், பிஓஇங்காவ அத. 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். நம்ம வீட்டத் தலைவாசல்லேருந்து கொல்லை வரைக்கும் இழுத்தாலும் அம்புட்டு வராது. ஆனா கடைக்காரன் குடுக்க ஒயர அப்படியே வாங்கியாராத. எங்கிட்ட ஒரு சுருளு கொண்டாந்தான். நுனிய உரிச்சு, கம்பியப் பாக்குவெட்டியால லேசாச் சொரண்டுனேன். மேல செம்பு, உள்ளுக்குள்ள வெள்ளை வெளேர்னு அலுமினியம்! கவரிங் சங்கிலிய எத்தன கல்யாணத்துல பாத்திருக்கேன். "முழுச் செம்பு எடுத்துட்டு வாய்யா"ன்னு திருப்பி அனுப்பிச்சேன். அலுமினியத்துல தூரம் போவப் போவ கரண்டு இளைச்சுப் போவும். ராத்திரி வெளக்கு எரியுத நேரம் பாத்துக் காமிரா அணைஞ்சு அணைஞ்சு எரியும்.

ஒயரெல்லாம் எங்க போயிச் சேரணும்? மேகத்துக்கா? வீட்டுக்குள்ள ஒரு பெட்டிக்கு. என்விஆர்ங்காவ, உள்ள ஹார்டு டிஸ்க்கு இருக்கும். வெளிய நெட்டு செத்தாலும் உள்ள பதிவு ஓடும். நம்மூர்ல நெட்டு அறுக்கக் கள்ளன் வரணுமா என்ன? வைக்கோல் லாரி ஒண்ணு போதும். கொடைக்குச் சப்பரம் பொறப்பட்டாப் போதும், ஒயரத் தூக்கிவிடுதேன்னு கம்போட வாரவனே அறுத்துருவான். கரண்டு போனா? பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேத்து ஒரு யுபிஎஸ் வையி. காமிரா வாங்குத காசுல பத்துல ஒரு பங்கு இதுக்குச் செலவழிக்க மனசு வராது, அது எனக்குத் தெரியும்.

வாடகை வீடு, செவத்துல ஓட்டை போடக் கூடாதுன்னா வைஃபைதான் கதி. அப்ப 5 கிகாஹெர்ட்ஸ்னு பவுசு பேசாத. 2.4தான் செவரு தாண்டும். மலிவுக் காமிரா பாதிக்கு அது மட்டுந்தான் புரியும்.

பொறவு அந்தப் பாஸ்வேர்டு. டப்பாவோட வந்தத அப்படியே விட்டா, வீட்டப் பூட்டிட்டுச் சாவிய நெலையில தொங்கவிட்ட மாதிரி. 2016ல மிராய்னு ஒரு கிருமி லச்சக்கணக்கான காமிராவையும் ரவுட்டரையும் வளைச்சுப் போட்டுதாம். பெரிய வித்தை ஒண்ணுமில்ல, டப்பாவோட வந்த பாஸ்வேர்டுதான்.

இப்ப எங்க வீட்டுல எல்லாம் ஒயருதான். வட்டமே சுத்தலலே. நேத்து மத்தியானம் அடுக்களையில சில்லுக் கருப்பட்டி ஒண்ண வாயில போட்டேன். மெல்லக்கூட இல்ல, சார்ஜாவுலேருந்து போனு. "மாமா, ஒமக்குச் சக்கர 280. துப்பும்!"

அடுக்களைக் காமிராவுக்குப் போவது எந்த ஒயருன்னு வேலைக்கு வந்த பயகிட்ட நைசாக் கேட்டேன். நீலமாம். ஏலே, அந்தப் பாக்குவெட்டிய எடு.