கையெழுத்துப் போடாத டாக்டர்

கேள்வி – பதில்

? பொது சுகாதாரத்தில், அதுவும் அரசு வேலையில் இருந்துகொண்டே சாதித்த ஒரு பெண்ணைச் சொல்லுங்களேன்.
– வாசகி, ஈரோடு

பிரான்சிஸ் கெல்சி. 1914இல் கனடாவில் பிறந்தவர். மருந்தியலில் ஆய்வுப் பட்டம், பிறகு மருத்துவப் பட்டம். 1960இல், 46 வயதில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். ஓய்வு பெற்றபோது வயது 90. சேர்ந்த சில வாரங்களிலேயே அவர் மேசைக்கு வந்த ஒரு கோப்புதான் அவரை உலகத்துக்குக் காட்டியது.

? ஆண் என்று நினைத்துத்தான் அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார்களாமே?
– வாசகர், தஞ்சாவூர்

உண்மைதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் இடத்துக்கு விண்ணப்பித்தார். பேராசிரியர் கைலிங்கிடமிருந்து வந்த சம்மதக் கடிதம் ‘மிஸ்டர்’ என்று தொடங்கியது. பெண் என்று தெரிந்திருந்தால் இடம் கிடைத்திருக்குமா என்ற சந்தேகம் கெல்சிக்குக் கடைசிவரை இருந்தது. எனக்கும் இருக்கிறது. பிரான்சிஸ் என்ற பெயர் கொஞ்சம் பெண்மையாக ஒலித்திருந்தால் எத்தனை குழந்தைகள் விலை கொடுத்திருப்பார்களோ!

? அந்தக் கோப்பில் அப்படி என்ன இருந்தது?
– வாசகி, திண்டுக்கல்

தாலிடோமைட். மேற்கு ஜெர்மனியில் 1957இல் கடைக்கு வந்த தூக்க மருந்து. மசக்கை வாந்திக்கும் கேட்கும் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பல நாடுகளில் விற்றாகிவிட்டது. அமெரிக்காவில் விற்க ரிச்சர்ட்சன்-மெரல் கம்பெனி 1960 செப்டம்பரில் அனுமதி கேட்டது. உலகமே விழுங்கும் மருந்து, சுலபமான கோப்பு என்றுதான் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்தார்கள்.

கெல்சி கோப்பைப் படித்தார். முறையான சோதனைகளைவிட, மருந்து பிரமாதம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த நற்சான்றுகளே அதிகம் இருந்தன. ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பினார். கம்பெனி மறுபடி அனுப்பியது. மறுபடி திருப்பினார். 1961 தொடக்கத்தில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு டாக்டரின் கடிதத்தைப் பார்த்தார். இந்த மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்றது கடிதம். பெரியவர்களின் நரம்பையே தொடுகிற மருந்து வயிற்றில் இருக்கும் சிசுவை என்ன செய்யும்? இப்படிக் கேட்க அவருக்குப் பழைய அனுபவம் கை கொடுத்தது. உலகப் போர்க் காலத்து மலேரியா ஆராய்ச்சியில், தாய் முயலின் உடல் சமாளிக்கிற கொய்னாவைக் குட்டிக்கருவால் சமாளிக்க முடியவில்லை என்று கண்டவர் அவர். கர்ப்பிணிக்கு ஆபத்தில்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார். கம்பெனியிடம் இல்லை. 1961 நவம்பரில் ஜெர்மனியில் உண்மை வெடித்தது. கைகளும் கால்களும் வளராத குழந்தைகள். உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேல்.

? கோப்பை இழுத்தடிப்பதில் நம் ஊர் அலுவலகங்களும் சளைத்தவை அல்லவே! இதில் என்ன பெருமை?
– வாசகர், விருதுநகர்

அவர் இழுத்தடித்திருந்தால் மருந்து கடைக்குப் போயிருக்கும். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, 60 நாளுக்குள் அதிகாரி ஆட்சேபம் சொல்லாவிட்டால் அனுமதி தானாகக் கிடைத்துவிடும். ஆக, கெடு முடிவதற்குள் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து படித்து, குறை இன்னது என்று காரணத்தோடு எழுத வேண்டும். அதைச் செய்தார். கம்பெனி ஆட்கள் ஓயாமல் தொலைபேசினார்கள், நேரில் வந்தார்கள், பிடிவாதக்காரி என்று மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். கிடப்பில் போடும் அதிகாரிக்கு எதிர்ப்பே வராது. காரணம் எழுதும் அதிகாரிக்குத்தான் வரும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

? மேலதிகாரிகள் அவரைக் கைவிடவில்லையா?
– வாசகி, கரூர்

கைவிடவில்லை. அது அபூர்வம். மேலதிகாரிகள் மட்டுமல்ல, கோப்பை அவரோடு சேர்ந்து பரிசீலித்த வேதியியலாளர் லீ கைஸ்மர், மருந்தியலாளர் ஜிரோ ஓயாமா இருவருக்கும் பாராட்டில் பங்குண்டு என்று கெல்சியும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

? அமெரிக்கா முழுக்கத் தப்பித்ததா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. அனுமதி வருவதற்கு முன்பே ‘பரிசோதனை’ என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்குக் கம்பெனி மாத்திரைகளைக் கொடுத்திருந்தது. சாப்பிட்ட பலருக்குத் தாங்கள் சோதனையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. அங்கேயும் 17 குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தன. 1962இல் சட்டம் திருந்தியது. மருந்து குணப்படுத்தும் என்பதையும் நிரூபிக்க வேண்டும், சோதனைக்கு உட்படுபவரின் சம்மதம் வேண்டும் என்று வந்தது. அதே ஆண்டு அதிபர் கென்னடி கையால் விருது. விருது வாங்கிய பிறகும் அதே துறையில் 40 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

? அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?
– வாசகர், காஞ்சிபுரம்

காஞ்சிபுரத்திலிருந்து இந்தக் கேள்வியா? 1937இல் அமெரிக்காவில் ஓர் இனிப்பு மருந்தைக் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். கொன்றது மருந்தல்ல, அதைக் கரைக்க ஊற்றிய டைஎத்திலீன் கிளைக்கால். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து அதை உறுதி செய்த கைலிங்கின் குழுவில் மாணவி கெல்சியும் இருந்தார். அதே ரசாயனம் 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரைக் கொன்றது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் சிறுநீரகத்தை அழித்த இருமல் சிரப்பிலும் அதுவே இருந்தது. அந்த சிரப் தயாரானது உங்கள் மாவட்டத்தில்.

1937இலேயே தெரிந்த விஷம் இது. மூலப்பொருளைச் சோதிக்காமல் சிரப் காய்ச்சக் கூடாது என்பது விதி. விதி இருந்தும் பிஞ்சுகள் போகின்றன என்றால், ஆலைக்குள் நுழைந்து பார்க்க வேண்டியவர்கள் போதுமான அளவில், போதுமான துணிவோடு இல்லை என்றுதான் அர்த்தம். எழுதும்போதே வயிறு எரிகிறது.

? மகள் பி.பார்ம். முடித்திருக்கிறாள். மருந்து ஆய்வாளர் தேர்வு எழுதுவேன் என்கிறாள். ஆலை, சோதனை, வழக்கு என்று அலையும் வேலை பெண்ணுக்குச் சரிப்படுமா?
– ஒரு தந்தை, சேலம்

1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் ஆய்வாளருக்குத் தரும் அதிகாரங்களைப் பாருங்கள். ஆலைக்குள் நுழையலாம், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம், சந்தேகமான சரக்கை விற்காமல் நிறுத்தி வைக்கலாம். இதில் எதைச் செய்ய உங்கள் மகளால் முடியாது? கெல்சிக்கும் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள், வீடு இருந்தது. உங்கள் மகள் எழுதட்டும் ஐயா. தேர்வுக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள்.