இரண்டு ஜாய்ஸ்டிக் இருக்கிறதா?

கேள்வி: பொங்கலுக்கு வரும் தம்பியோடு பழைய 'கான்ட்ரா' வீடியோ கேம் ஆட ஆசை. கேசட்டை பேக்கப் ஃபைலாக்கி ஆடலாமா?
– வாசகர், பாப்பாரப்பட்டி

பதில்: தாராளமாக! 1988-இல் வந்த நிண்டெண்டோ 'கான்ட்ரா' மொத்தமே 128 கிலோபைட். போனில் எடுக்கும் ஒரே போட்டோவுக்குள் பத்துப் பதினைந்து கான்ட்ரா அடங்கிவிடும். முறையாக வாங்கிய கேசட்டுக்குப் பாதுகாப்பு நகல் எடுத்துக்கொள்ள 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. கண்ட இடத்தில் இறக்கிக்கொள்ள அல்ல. பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர் செயலியைப் போனில் நிறுவி, போனை டிவியில் மாட்டுங்கள். போன் திரையைத் தொட்டு ஆடாதீர்கள், ஜாய்ஸ்டிக் இரண்டு கட்டாயம். பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு தோள் இடித்தால்தான் அது கான்ட்ரா. அருவிக் கட்டத்தில் மட்டும் நிதானம்: ஒருவர் முந்தி ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்பவர் காலி. ஒகேனக்கலைப் பக்கத்தில் வைத்திருப்பவருக்கு அருவியைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? தம்பியும் ஏறி வரட்டும், காத்திருங்கள்!