முதலில் இருமியது அரசாங்கம்

2020 மார்ச்சில் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமியது அரசாங்கம்தான். பாம்பு கடித்தவனுக்கு வண்டி தேடுகிறவனும் அந்த இருமலைக் கேட்டாக வேண்டும், வட்டிக்காரனிடம் தவணை கேட்கிறவனும் கேட்டாக வேண்டும். நாட்டில் போன் வைத்திருக்கும் அத்தனை பேர் காதுக்குள்ளும் நேரே நுழைய ஓர் அரசுக்குக் கிடைத்த வாய்ப்பு. நுழைந்தது, இருமியது, கொரோனா வராமலிருக்கக் கையைக் கழுவச் சொன்னது, தானும் கழுவிக்கொண்டது. அடுத்த ஆண்டு அதே குரல் 'ஊசி போட்டுக்கொள்' என்று நச்சரித்தது. ஊசியே இல்லாதபோது இதை எத்தனை நாள் ஒலிபரப்புவீர்கள் என்று 2021 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றமே எரிச்சலோடு கேட்டது.

அந்த ஊசிக்கும் 18 முதல் 44 வயதுக்காரர்கள் முதலில் 'கோவின்' தளத்தில் பதிய வேண்டியிருந்தது. தளத்துக்குத் தெரிந்தது ஆங்கிலம். ஜூனில் இந்தியும் மாநில மொழிகளும் சேர்ந்தன, தமிழைக் காணோம். சத்தம் போட்ட பிறகுதான் வந்தது. வைரஸ் பாவம், எந்த மொழியும் தெரியாமலே ஊர் ஊராகப் போய்விட்டது.

கிராமங்களுக்கு யார் என்ன சொன்னார்கள்? 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் நாடே அடைப்பு. மீதியை ஊர்கள் தாங்களே முடிவுசெய்துகொண்டன. கருவேல முள்ளை வெட்டி எல்லையில் போட்டார்கள். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை கட்டினார்கள். நகரத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியவன் வாய் திறக்காத ஊரில், பாட்டி சொன்னதைத்தானே செய்வார்கள்?

இல்லை, அரசு வாய் திறக்கவே இல்லை என்றால் பாவம் வரும். தண்டோரா போட்டார்களே! செயலி, டேஷ்போர்டு, காணொலிக் கூட்டம் எல்லாம் தாண்டி, செய்தியின் கடைசிப் பொறுப்பு காலனியிலிருந்து வந்த ஒரு மனிதனின் பறையில் வந்து நின்றது. அவர் கையில் கொடுத்த தாளில் கடை எத்தனை மணிக்கு அடைப்பு என்று இருந்தது. பின்னால் முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம் என்பதும் சேர்ந்தது. மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி, ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் எப்படித் 'தனிமைப்படுவது' என்பதற்கெல்லாம் தாளில் இடம் போதவில்லை போலும். தண்டோரா முறையையே கைவிடச் சொல்லித் தமிழகத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியது 2022-இல். தொற்றுக்காலம் முழுக்க அந்தத் தோளில் சுமத்திய பிறகு.

சொல்லாமல் விட்டதற்கு என்ன விலை என்பதைச் சென்னை காட்டியது. ஏப்ரல் 19, 2020. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில், பிணத்தால் நோய் பரவும் என்ற புரளியை நம்பிய கூட்டம் மறித்தது. வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆம்புலன்ஸ் மீது கல்லும் கட்டையும் பறந்தன, ஓட்டுநர்கள் ரத்தத்தோடு ஓடினார்கள். நள்ளிரவில் உடன் பணியாற்றிய ஒரு மருத்துவர், போலீஸ் காவலோடு திரும்பி வந்து, தன் கையால் மண்ணைத் தள்ளிப் புதைத்தார். இரண்டே வாரத்துக்கு முன்புதான் இதே நகரம் 9 நிமிடம் விளக்கேற்றியது. அதற்கும் முன்னால் மருத்துவர்களுக்காகத் தட்டு தட்டியது. தட்டிய கைக்குக் கல் எடுக்கவும் தெரிந்திருந்தது.

கல்லெறிந்தவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உரிய முன்னெச்சரிக்கையோடு கையாண்டால் பிணத்திலிருந்து தொற்றும் வாய்ப்பு குறைவு, சாம்பலால் ஆபத்தே இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் 15-ஆம் தேதியே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. ஒழுங்கான ஆங்கிலத்தில், ஒழுங்கான பி.டி.எஃப். கோப்பாக. புரளிக்குக் கோப்பு எண் தேவைப்படவில்லை, அது முந்திக்கொண்டது.

பிறகு தமிழக அரசுக்குக் கோபம் வந்தது. அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் போட்டார்கள். சட்டம் எழுத ஒரு வாரம் போதுமாக இருந்தது. அந்த வழிகாட்டுதலின் நாலு வரியைக் கல்லெடுத்த கைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஐந்து வாரம் போதவில்லை.